சூரியகாந்தி நம்ம பூவா? ஒரு கல்யாணக் கேள்விக்கு நீளமான பதில்

டர்பனிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். மாசியில் அவருக்குக் கல்யாணம். மேடை முழுக்கச் சூரியகாந்தி வைக்க ஆசை. அத்தை முட்டுக்கட்டை போடுகிறார். “அது நம்ம பூ இல்லை. வெள்ளைக்காரன் எண்ணெய்க்குப் போடுற பயிர். சாமிக்கும் ஆகாது. ரெண்டு நாளில் தலையைத் தொங்கப் போட்டுடும், கல்யாணத்தில் அது நல்ல சகுனமா?” என்பது அத்தையின் கட்சி. சூரியகாந்திக்குத் தமிழில் ஏதாவது பொருள் உண்டா, அது உண்மையிலேயே சூரியனைப் பார்த்துத் திரும்புமா என்பது பெண்ணின் கேள்வி.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். 1996இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, எண்ணெய் ஆலையில் விதையின் தரம் பார்க்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். சூரியகாந்தியைக் காட்டிலும் பார்த்திருக்கிறேன், மூட்டையிலும் பார்த்திருக்கிறேன், புட்டியிலும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தாயி.

அத்தை சொன்னதில் பாதி சரி. சூரியகாந்தி அமெரிக்காக் கண்டத்துச் செடி. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரொம்ப காலம் தோட்டத்து அழகுக்குத்தான் வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாக்காரர்கள்தான் அதை எண்ணெய்ப் பயிராகப் பெரிதாக்கினார்கள். இந்தியாவில் எண்ணெய்க்கென்று பயிரிடத் தொடங்கியதே 1969இல், சோவியத் நாட்டிலிருந்து வந்த விதையை வைத்து. எங்கள் ஆச்சி காலத்தில் கரிசலில் கம்பு, சோளம், பருத்தி, உளுந்துதான். இன்றைக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் பூத்துக் கிடக்கிற காட்டைப் பார்க்க ஆடி ஆவணியில் வண்டி வண்டியாகக் கூட்டம் போகிறது. என் சின்ன வயதில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

ஆனால் அதே அத்தையிடம் ஒன்று கேளுங்கள். கல்யாண வாசலிலும் கோயில் தூணிலும் இங்கே சரம் சரமாகத் தொங்குகிறதே செண்டுமல்லி, அது எந்த ஊர்ப் பூ? எங்கள் பக்கம் கேந்தி என்போம், சில ஊரில் துலுக்கச் சாமந்தி என்பார்கள். அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். சூரியகாந்திக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்றே சொல்லலாம், இரண்டும் ஒரே குடும்பச் செடிகள். மிளகாயும் அந்தக் கண்டத்துச் சரக்குதான். மிளகாய் இல்லாமல் டர்பனில் யார் வீட்டில் குழம்பு வைக்கிறார்கள்? வேப்பிலை கிடைக்காத இடத்தில் வேம்பு போலிருக்கும் சிரிங்கா மரத்தின் இலையைக் கட்டி மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் நம் முன்னோர். 1860 நவம்பர் 16ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் பூக்கூடையோடு வரவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு சாமி கும்பிட்டார்கள். அம்மனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சாமிக்கு ஆகாது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. தாழம்பூவைச் சிவனுக்குச் சூட்டக் கூடாது, பிள்ளையாருக்குத் துளசி கூடாது என்று சில விலக்குகள் உண்டு. ஆகமம் எழுதியவர்கள் சூரியகாந்தியைப் பார்த்ததே இல்லை, அப்புறம் எங்கே விலக்குவது? காம்பு தடியாக இருப்பதால் மாலை தொடுக்க வராது, அவ்வளவுதான். தட்டில் வைத்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்துக் கோயில் குருக்கள் மறு பேச்சில்லாமல் வாங்கி அம்மன் காலடியில் வைக்கிறார்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தமிழில் இதற்குப் பொருள் உண்டா?

பூ புதிது. பொருள் பழையது. அந்தப் பொருளைச் சுமந்துகொண்டிருந்த பூ வேறு, அது நெருஞ்சி. தரையோடு படர்ந்து, காசளவுகூட இல்லாத மஞ்சள் பூப் பூத்து, பிறகு காலில் குத்துகிற முள்ளாகக் காய்க்குமே, அதேதான். “அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்” என்று குறளில் வருவதால் நாம் எல்லோரும் நெருஞ்சியை முள்ளாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். வள்ளுவருக்கு முந்திய புலவர்கள் அதன் பூவைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். காலையில் விரிந்து வெயிலுக்கு முகம் கொடுக்கிற பூ அது.

புறநானூறு 155. மோசிகீரனார் பாட்டு. முரசுகட்டிலில் ஏறித் தூங்கிப்போய், சேர மன்னன் கையால் விசிறி வாங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அவர்தான். வறுமைப்பட்ட பாணனிடம் கொண்கானங்கிழானைப் பற்றிச் சொல்கிறார். “பாழூர் நெருஞ்சிப் பசலை வான்பூ ஏர்தரு சுடரின் எதிர்கொண்டாஅங்கு”, அதாவது ஆளில்லாமல் போன ஊரில் முளைத்த நெருஞ்சியின் வெளிர் மஞ்சள் பூ எழுகின்ற சூரியனை எதிர்கொள்வது போல, இல்லாத புலவர்களின் உண்கலங்கள் அந்த வள்ளலின் மார்பை நோக்கி மலர்ந்தன என்கிறார். பிச்சைப் பாத்திரம் பூவாகிறது, கொடுப்பவன் சூரியனாகிறான். பாழூர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பூந்தோட்டத்துப் பூ இல்லை, குடி கெட்ட ஊரின் பூ.

கல்யாணத்துக்கு உரியது குறுந்தொகை 315. மதுரை வேளாதத்தர் பாடியது, நாலே வரி. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: “ஞாயிறு அனையன் தோழி, நெருஞ்சி அனைய என் பெரும்பணைத் தோளே.” அவன் சூரியன், என் தோள் நெருஞ்சி. ‘அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்’ என்று சொல்லவில்லை, ‘மனசு அவன் பக்கம் திரும்புகிறது’ என்றும் சொல்லவில்லை. தோள் திரும்புகிறது என்கிறாள். யோசித்துத் திரும்புகிற உறுப்பா தோள்?

எதிர்ப்பாட்டும் உண்டு, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அகநானூறு 336இல் பாவைக்கொட்டிலார் ஒரு பரத்தையைப் பேசவிடுகிறார். “சுடரொடு திரிதரும் நெருஞ்சி போல என்னொடு திரியான் ஆயின்” என் வளையல் உடையட்டும் என்று சபதம் போடுகிறாள். இங்கே அவள்தான் சூரியன், ஆண்தான் நெருஞ்சி. குறுந்தொகை 202இல் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கு இனிய புதுமலர் முள்ளைப் பெற்றது போல, இனிமை செய்த காதலர் இன்னாதது செய்தார், “நோம் என் நெஞ்சே” என்று நொந்துகொள்கிறார். அதைக் கல்யாண மேடையில் எழுதி வைக்க வேண்டாம்.

ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஜூலு நண்பர் ஒருவரிடம் ஒரு நாள் சூரியகாந்திக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். “உஜிகனேலங்கா” என்றார். எனக்குப் புரியவில்லை என்று கழுத்தை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிக் காட்டினார். ‘ஜிகா’ என்றால் திரும்பு, ‘இலங்கா’ என்றால் சூரியன். சூரியனோடு திரும்புவது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “சுடரொடு திரிதரும்” என்பதை வேறு எப்படி மொழிபெயர்ப்பது? ‘ஒடு’ என்கிற உருபுகூட அப்படியே இருக்கிறது. ஹோசா மொழியில் “உஜொங்கிலங்கா”, சூரியனைப் பார்ப்பது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘சொனெப்லொம்’, வெறும் சூரியப்பூ. அதில் பூ நிற்கிறது, திரும்பவில்லை.

இன்னொன்று. அந்த நெருஞ்சி இந்த மண்ணிலும் உண்டு, அதே செடி. ஆப்பிரிக்கான்ஸில் ‘டுவெல்கி’ என்பார்கள். வெறுங்காலோடு ஓடி வளர்ந்த எந்தப் பண்ணைப் பிள்ளையைக் கேட்டாலும் முகம் சுளிப்பான். கரூ வறண்ட காட்டில் ஆடுகள் அதைத் தின்று, வெயில் பட்டதும் முகம் வீங்கி மஞ்சள் பூத்துப்போகிற நோய்க்கு ‘மஞ்சள் தடித்தலை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியகாந்திக் காட்டு வரப்பில் குனிந்து பார்த்தால் பெரிய பூவின் காலடியில் சின்னப் பூ பூத்திருக்கும். மேலே இருப்பது வந்தேறி. கீழே இருப்பது நம்ம பாட்டுக்காரி.

பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரியகாந்தியில் இருக்கும் காந்தி, ஒளி என்று பொருள்படும் வடசொல். இந்த நாட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. வார இறுதித் தமிழ் வகுப்பில் கரும்பலகையில் இந்தச் சொல்லை எழுதினால் ஒரு பிள்ளையாவது “இது காந்தித் தாத்தா பூவா?” என்று கேட்கும். 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து தள்ளப்பட்டவரின் குடும்பப் பெயர் மளிகை வியாபாரத்தோடு ஒட்டியது, இதற்கும் அதற்கும் உறவில்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாக நிற்பதால் வருகிற குழப்பம். பிள்ளைகளிடம் நான் இதை ரொம்பத் திருத்துவதில்லை.

சரி, திரும்புகிறதா?

1997 மார்ச் மாதம், சாயங்காலம். விதை கொள்முதலுக்காக முதல்முறை ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் போத்தாவில் பக்கம் போனேன். அதுவரை எனக்குச் சூரியகாந்தி என்றால் மூட்டையில் இருக்கும் கறுப்பு விதைதான். மேற்கே சூரியன் இறங்குகிறது, கண்ணுக்கு எட்டின தூரம் வரை பூ. நான் எதிர்பார்த்தது எல்லாப் பூவும் மேற்கே பார்த்து நிற்கும் என்று. அத்தனையும் மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. லட்சக்கணக்கான பச்சை முதுகு. “உங்கள் பூவெல்லாம் கெட்டுப்போச்சா?” என்று கேட்டேன். அந்தப் பண்ணைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

திரும்புவது பூ இல்லை, பருவத்துச் செடி. மொட்டு விரியாத இளஞ்செடியில் பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, அதனால் தலை மேற்கே சாய்ந்துகொண்டே போகிறது. இரவில் மேற்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, விடிவதற்குள் தலை மறுபடி கிழக்கே வந்து காத்திருக்கிறது. வெயில் இழுத்து மட்டும் இது நடப்பதில்லை, செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஒரே இடத்தில் நிற்கும் விளக்கின் கீழ் வைத்தாலும் சில நாள் அது பழைய கணக்குப்படி ஆடிக்கொண்டுதான் இருக்கும். தண்டு வளர்ந்து முடிந்து பூ விரிந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறது. கிழக்குப் பார்த்து நின்றால் நின்றதுதான். ஏன் கிழக்கு என்பதற்கும் காரணம் கண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2016இல் வெளிவந்த ஆய்வில், தொட்டியில் இருந்த சில பூக்களைத் திருப்பி மேற்கே பார்க்க வைத்தார்கள். கிழக்கே பார்த்தவை காலை வெயிலில் சீக்கிரம் சூடேறின. அவற்றைத் தேடி வந்த தேனீக்கள் ஐந்து மடங்கு. குளிர்ந்த காலையில் சூடான திண்ணை இருந்தால் யார்தான் உட்கார மாட்டார்கள்?

ஆக, சூரியகாந்திக்கு ஒரு வயது வரைதான் அலைச்சல். அதற்கப்புறம் ஒரு திசை. இதை வைத்துக் கல்யாண உபதேசம் எதுவும் செய்யப்போவதில்லை, அதற்கு உங்கள் வீட்டில் போதுமான பெரியவர்கள் இருப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே உச்சிச் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம் நிற்கிறான். அவனைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் உதித்து இடக்கைப் பக்கம் விழுகிறான். இங்கத்து இளஞ்செடி வலமிருந்து இடமாகத் தலையாட்டுகிறது. வந்த புதிதில் எனக்குக் கிழக்கு மேற்கே குழம்பிப்போனது. செடிக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூரத்தில் மஞ்சள் வெள்ளம் மாதிரித் தெரிகிறதே, அதைச் சொல்ல நான் வேண்டாம். கிட்டே போய் ஒரு பூவின் நடு வட்டத்தைப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை. வெளியே இதழ் போல நீட்டிக்கொண்டிருப்பவை ஒவ்வொன்றும் தனிப் பூ, ஆனால் மலட்டுப் பூ. வண்டைக் கூப்பிடுவது மட்டும்தான் அவற்றின் வேலை. உள்ளே வட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள்தான் விதையாகின்றன, வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நாளுக்குச் சில வரிசையாக விரிந்து. ஒரு பூ வாங்கினால் ஊரே வாங்கின மாதிரி.

அந்தக் குட்டிப் பூக்கள் சுருள் சுருளாக நிற்கும். வலப்பக்கம் சுற்றுகிற சுருளை எண்ணுங்கள், இடப்பக்கம் சுற்றுகிறதையும் எண்ணுங்கள். பெரும்பாலும் 34ம் 55ம் வரும், பெரிய தலையென்றால் 55ம் 89ம். ஒவ்வொரு புது மொட்டும் முந்தியதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளி முளைப்பதால் இடம் வீணாகாமல் நிரம்புகிறது, அதில் இந்த எண்கள் தாமாக விழுகின்றன. உலகம் இவற்றை ஃபிபனாச்சி எண்கள் என்கிறது, அவர் 1202இல் எழுதினார். அதற்கு முன்பே நம் நாட்டு யாப்புக்காரர்கள் கண்ட கணக்கு இது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் எழுதியிருக்கிறார், அவருக்கும் முன்பே விரகாங்கர்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று குறில், அல்லது குறில் நெடில், அல்லது நெடில் குறில், ஆக மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு ஐந்து விதம், ஐந்துக்கு எட்டு. இப்படியே போனால் எட்டு மாத்திரைக்கு 34, ஒன்பதுக்கு 55. பூவின் நடுவில் இருப்பது அதே எண். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காய்ந்த தலையைக் கொடுத்து, வண்ண ஊசி குத்தி எண்ணச் சொன்னேன். ஒரு பையன் 54 என்று ஒரே பிடிவாதமாக நின்றான். மூன்று முறை எண்ணிப் பார்த்ததில் அவன் சொன்னதுதான் சரி. இயற்கை நம்ம பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டுப் பூப்பதில்லையே, கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

ஓவியர் வான் கோவைச் சொல்லாமல் சூரியகாந்தியை யாரும் முடிப்பதில்லை, நானும் ஒரு வரி. 1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில், நண்பர் கோகன் வந்து தங்கப்போகும் அறைக்கு மாட்டுவதற்காக வரைந்தவை அவை. எனக்குப் பிடித்தது, அந்தச் சாடியில் எல்லாப் பூவும் புதுப்பூவாக இல்லை என்பது. சில விரிந்தவை, சில இதழ் கொட்டி விதைத்தலை ஆனவை. அவர் வாடியதை எடுத்து எறிந்துவிட்டு வரையவில்லை.

அத்தையின் சகுனக் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. காட்டில் தலை தொங்குவது வாட்டம் அல்ல, விதைப் பாரம். விதை முற்ற முற்றத் தலை கவிழும், கவிழ்ந்தால்தான் கொள்ளைக்கு வரும் மாடப்புறாவுக்குக் கொத்த வசதிப்படாது, விதையும் வெயிலில் வேகாது. நெற்கதிர் சாய்ந்தால் கும்பிடுகிறோம். கல்யாண வாசலில் குலை தள்ளின வாழைதானே கட்டுகிறோம்? அது என்ன நிமிர்ந்தா நிற்கிறது?

மற்ற நாட்டுக்காரர்கள் கொடுத்த பொருள்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பூவால் பேசுவது ஒரு மோகமாக இருந்தபோது, குட்டைச் சூரியகாந்திக்குப் ‘பக்தி’ என்றும் உயரமானதற்குச் ‘செருக்கு’ என்றும் பட்டியல் போட்டிருந்தார்கள். கிரேக்கக் கதையில் சூரியனைக் காதலித்துப் பூவாகிப்போன கிளிட்டியைச் சூரியகாந்தி என்பார்கள், அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் சூரியகாந்தியே கிடையாது. நம் நெருஞ்சி மாதிரி அவர்களுக்கும் ஒரு பழைய பூ இருந்து, புதுப்பூ வந்து அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. உக்ரைனுக்கு அது தேசத்து அடையாளம். விமான நிலையங்களில் பச்சைப் பட்டையில் சூரியகாந்தி போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தால், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர், கொஞ்சம் பொறுமை காட்டுங்கள் என்று அர்த்தம். 2016இல் லண்டன் கேட்விக்கில் தொடங்கிய வழக்கம். இந்த நாட்டில் இரத்தப் புற்று நோயாளிகளுக்குக் குருத்தணு கொடையாளரைப் பதிவு செய்கிற அமைப்புக்கும் முன்பு ‘சன்ஃபிளவர் ஃபண்ட்’ என்றுதான் பெயர்.

ஆனால் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இந்தப் பூவின் பொருள் இதில் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நம் ஆட்கள் வந்து இறங்கிய நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கிற பகுதியில், பார்த்தது கரும்பு. சூரியகாந்தி விளைகிற பெருங்காடு ஃப்ரீ ஸ்டேட்டிலும் வடமேற்கு மாகாணத்திலும். அந்த ஃப்ரீ ஸ்டேட்டில் ஆசியர் குடியிருக்கக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது, கடை வைக்கக் கூடாது என்று 1891இல் சட்டம் போட்டார்கள். அது 1986இல்தான் போனது. கிட்டத்தட்ட நூறு வருஷம். டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் போகிறவர்கள் அந்த மண்ணைக் கடந்து போகலாம், தங்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். மகள் வீட்டுக்கு வருஷா வருஷம் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர். சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு, பெட்ரோல் போடும் நேரம் தவிர வண்டியை நிறுத்தாமல் போவாராம். “மஞ்சளா ஏதோ ஓடும் ஜன்னல் பக்கம். இறங்கிப் பார்த்ததில்லை” என்றார். எழுபது வயதுக்கு மேல் நான் அவரைக் கூட்டிப்போனேன். காட்டுக்குள் இறங்கி நின்றார். பூ அவர் தலைக்கு மேலே இருந்தது. ஒன்றும் பேசவில்லை, ஒரு இதழைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அத்தனை நாளும் அந்தக் காட்டின் எண்ணெய் மட்டும் நம் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தது. அத்தை ‘வெள்ளைக்காரன் பயிர்’ என்கிறாரே, அவர் வடை எதில் சுடுகிறார் என்று கேளுங்கள். ‘சன்ஃபாயில்’ என்கிற சூரியகாந்தி எண்ணெய் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓர் இந்தியக் குடும்பம் நடத்தும் ஆலையின் சரக்கு. கேப் டவுன் பக்கத்தில் இந்த எண்ணெய்க்கு ‘மீன் எண்ணெய்’ என்றே பேச்சுவழக்கு, மீன் பொரிப்பதால். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு சுத்த சைவக்காரர் அதைக் கேட்டு மூன்று நாள் வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டதை நான் அறிவேன். நல்லெண்ணெய் விலை ஏறின காலத்தில் எங்கள் வீட்டுக் காமாட்சி விளக்கிலும் சூரியகாந்திதான் எரிந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் இங்கே புட்டி விலை எகிறியது, அப்போது விளக்கைச் சின்னதாக மாற்றினோம். குளிர்காலத்தில் சில மலிவான எண்ணெய் புட்டிக்குள் மங்கலாகிப்போகும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். விதைத் தோலில் இருக்கும் மெழுகு அது, குளிரவைத்து வடிகட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

பண்ணைக்காரருக்கும் இது மழையோடு போடுகிற ஒப்பந்தம். மழை பிந்தி மக்காச்சோளம் விதைக்கும் நாள் தவறிப்போனால் சூரியகாந்தியில் கை வைப்பார். ஆணிவேர் ஆழமாக இறங்கி, மற்றப் பயிர் எட்டாத ஈரத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் காடு ரொம்ப மஞ்சளாக இருக்கிற வருஷம் மழை ஏமாற்றின வருஷமாகவும் இருக்கும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு இது தெரியாது.

இனி உங்கள் மேடை. மாசி என்றால் இங்கே கோடைக் கடைசி, சூரியகாந்தியின் சொந்தப் பருவம். கடையில் வாங்கினால் செலவு கூடும், வீட்டுத் தோட்டத்தில் இடம் இருந்தால் டிசம்பர் நடுவில் ஊன்றுங்கள். வெட்டுப்பூ வகைகள் இந்த வெயிலில் 55 முதல் 65 நாளில் பூத்துவிடும். வாரம் ஒரு தடவையாக மூன்று தவணை போடுங்கள், ஒன்று தவறினால் மற்றது கை கொடுக்கும். சாண் இடைவெளியில் நெருக்கி ஊன்றினால் பூ சின்னதாக வரும், சாடிக்கு அதுதான் அளவு. எண்ணெய்க்காட்டு விதையைப் போட்டால் தாம்பாளம் அகலத்துக்கு வந்து சாடியைக் கவிழ்த்துவிடும்.

வாங்கினாலும் விதைத்தாலும் மகரந்தம் இல்லாத வகையாகக் கேளுங்கள். மகரந்தம் உதிர்கிற வகை கூறைப் பட்டில் பட்டால் மஞ்சள் கறை. பட்டுவிட்டால் ஈரத்துணியால் தேய்க்கக் கூடாது, ஒட்டுநாடாவை மெதுவாக ஒற்றி எடுங்கள். வெளியிதழ் லேசாகத் தூக்கத் தொடங்கும் பருவத்தில் விடியற்காலை வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். தினம் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். ரெண்டு நாளில் தலை தொங்குகிறது என்று அத்தை பார்த்தது தாகத்தில் துவண்ட பூவாக இருக்கும்.

மேடை அலங்காரம் செய்பவர் எல்லாப் பூவையும் விருந்தினர் பக்கம் திருப்பத்தான் பார்ப்பார். மணமக்கள் கிழக்கு பார்த்துத்தானே உட்காரப் போகிறீர்கள்? பூவையும் அதே பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். விருந்தினர் கிழக்கே, உங்களுக்கு எதிரில் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மண்டபம் வேறு மாதிரி அமைந்திருந்தால், மணவறைக்கு இரண்டு பக்கமும் வைக்கும் இரண்டு சாடியையாவது கிழக்கே திருப்பி வைத்துவிடுங்கள், அத்தையே முன்வந்து வைத்தால் இன்னும் நல்லது.